முகமூடிக்கு உள்ளே யார்? – ஓநீல் நாடகங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலைப் (1888–1953) பற்றி எழுதியபோது, ஒரே உடலுக்குள் இருவராக வாழ நேர்ந்த மனிதரின் துயரத்தைத்தான் அவர் தம் வாழ்நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியையே பற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்றோடொன்று உறவுடைய கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: 'தி கிரேட் காட் பிரவுன்' எங்களுக்குப் பாடமாக உள்ளது. பாத்திரங்கள் மேடையிலேயே முகமூடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறார்கள். மனத்துக்குள் நடப்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுவது எனக்குச் சற்றுச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. வகுப்பில் இதை 'உத்தி' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். உத்திக்கு அப்பால் அதில் என்ன இருக்கிறது?
– ஆங்கில இலக்கிய மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. 1926 ஜனவரியில் நியூயார்க்கில் இந்நாடகம் அரங்கேறியபோதும் பலர் குழம்பினார்கள். அடுத்த மாதமே ஓநீல் செய்தித்தாள்களுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கதைநாயகனுக்கு டியான் ஆன்டனி என்று பெயர் வைத்த காரணத்தை அந்தக் கடிதத்தில்தான் சொன்னார். டியான், கிரேக்கரின் மதுத் தெய்வமான டயோனிசஸிடமிருந்து வந்த பெயர். ஆன்டனி, பாலைவனத்தில் உடலை ஒறுத்துத் தவமிருந்த புனித அந்தோணியாரிடமிருந்து வந்தது. வாழ்வைக் களித்துக் கொண்டாடும் ஒருவனையும் வாழ்வை மறுத்து ஒடுங்கும் ஒருவனையும் ஒரே பெயருக்குள் குடிவைத்து, அவனுக்கு ஒரு முகத்தையும் அதன்மேல் ஒரு முகமூடியையும் கொடுத்தார்.

அந்த முகமூடி எப்படிப் பிறந்தது என்று டியானே சொல்லும் இடத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நான்கு வயதில் அவன் மணலில் ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறான். அவன் நேசித்து நம்பிய இன்னொரு சிறுவன், தன்னால் அப்படி வரைய முடியவில்லையே என்ற ஆற்றாமையில், பின்னாலிருந்து வந்து குச்சியால் அவன் தலையில் அடித்து, படத்தைக் காலால் கலைத்துவிடுகிறான். டியான் அழுகிறான், அழுமூஞ்சி என்று எல்லோரும் அவனைக் கேலி செய்கிறார்கள். அன்றோடு அவன் வாய் அடைத்துப்போகிறது. போக்கிரிப் பிள்ளையின் முகமூடி ஒன்றைச் செய்துகொண்டு அதற்குள் குடியேறிவிடுகிறான். இதோடு ஓநீல் நிறுத்தியிருந்தால் அது காயம்பட்ட கலைஞனின் வழக்கமான கதையாகப் போயிருக்கும். அவர் அடித்தவனையும் பார்க்கிறார். அந்தச் சிறுவனுக்கும் உள்ளூர வெட்கந்தான். ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆகவே அன்றுமுதல் அவன் நல்ல பிள்ளையாக, நல்ல நண்பனாக, நல்ல மனிதனாக, ஊர் மெச்சும் வில்லியம் பிரவுனாக வளர்கிறான். மணலில் கலைந்த ஒரு படம் இரண்டு பிள்ளைகளையும் பிளந்துவிடுகிறது. காயம்பட்டவனின் முகமூடி நம் கண்ணுக்குத் தெரிகிறது. காயப்படுத்தியவனின் முகமூடி நற்பெயராகவே மாறிவிட்டதால் தெரிவதில்லை.

முகமூடியால் மட்டுமே சொல்லக்கூடிய இன்னொன்றும் இந்நாடகத்தில் உண்டு. தொடக்கக் காட்சியில், நிலா வெளிச்சத்தில், தன்னை உண்மையாகவே நேசிக்கும் மார்கரெட்டின் முன் டியான் முகமூடியைக் கழற்றிவிட்டு நிற்கிறான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. யாரோ அயலான் என்று அஞ்சுகிறாள். அவன் மீண்டும் முகமூடியை அணிந்த பிறகுதான் அவளுக்குக் காதல் திரும்புகிறது. பின்னர் மணம் முடித்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்த காலம் முழுவதும் அவள் நேசித்தது முகமூடியைத்தான். அவனுடைய வெறும் முகத்தை அமைதியாகப் பார்க்கத் தெரிந்தவள் சிபெல் என்ற விலைமகள் ஒருத்தியே. டியான் இறந்ததும் பிரவுன் அந்த முகமூடியைத் திருடி அணிந்துகொள்கிறான். மார்கரெட் முன்னெப்போதையும்விட மகிழ்ச்சியாக இருக்கிறாள். இதைச் சாதாரண நடிப்பில், முகபாவத்தில், வசனத்தில் காட்டிவிட முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். நாம் நேசிக்கப்படுகிறோமா, நாம் அணிந்திருப்பது நேசிக்கப்படுகிறதா என்ற கேள்வியைக் கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் தேவைப்பட்டது. அந்தப் பொருள்தான் முகமூடி.

முடிவில் பிரவுனின் முகமூடியை நால்வர் பிணத்தைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிரவுனைக் கொன்றவன் என்று கருதி, டியானின் முகமூடி அணிந்த பிரவுனையே காவலர் சுட்டுவிடுகிறார்கள். இறந்தவன் பெயர் என்ன என்று காவல் அதிகாரி கேட்க, சிபெல் "மனிதன்" என்கிறாள். அதை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று கேட்கிறார் அவர்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். மேடையில் பார்த்தபோது முகமூடிகள் அன்றாடப் பாசாங்கை, வெளியில் ஒன்று உள்ளே ஒன்று என்னும் எளிய இரட்டை வேடத்தை மட்டுமே உணர்த்தின என்று ஓநீலே பின்னாளில் குறைபட்டுக்கொண்டார். அவர் கருதியது அதைவிடப் பெரியது. கையிலிருக்கும் பொருள் கண்ணை ஈர்த்துவிடுகிறபோது, அது சுட்டும் வேதனை பின்னுக்குப் போய்விடுகிறது. அதிலிருந்து மீளும் வழியைத் தேட அவருக்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

கேள்வி: இவருடைய பாத்திரங்களுக்கு இருப்பது 'ஸ்கிசோஃப்ரினியா' என்று சொல்லலாமா?
– வாசகர், சேலம்

பதில்: சொல்லக்கூடாது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒய்கன் ப்ளாய்லர் 1908இல் அச்சொல்லை வழங்கியபோது, 'பிளவு', 'மனம்' என்னும் பொருளுள்ள கிரேக்க வேர்களிலிருந்து அதை ஆக்கினார். அதனாலேயே ஓர் உடலில் இரண்டு ஆள்கள் என்ற தவறான பொருள் அதனோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் நாம் வழங்கும் 'மனச்சிதைவு' என்ற சொல் நோயின் தன்மைக்கு நெருக்கமானது: எண்ணம், உணர்ச்சி, புலனறிவு ஆகியவற்றுக்கு இடையே இருக்க வேண்டிய இணைப்புத் தளர்ந்துபோவது. ஆளுமைகள் மாறிமாறித் தோன்றுவது வேறு ஒரு கோளாறு. ஓநீலின் மனிதர்களுக்கு இரண்டும் இல்லை. அவர்களுக்குத் தம் இரண்டு பாதிகளையும் நன்றாகத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் வலிக்கிறது. மருத்துவப் பெயர் ஒன்றைச் சூட்டினால், அந்த வலி நம்முடையதும்தான் என்பதை மறந்து நாம் வசதியாக விலகி உட்கார்ந்துவிடுவோம்.

கேள்வி: 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்' நாடகத்தில் பாத்திரங்கள் தம் மனத்தில் ஓடுவதையெல்லாம் உரக்கச் சொல்கின்றன. பக்கத்தில் நிற்பவருக்கு அது கேட்காதா? மேடையில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?
– பணி நிறைவுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: 1928 ஜனவரியில் அரங்கேறிய இந்நாடகத்துக்கு ஒன்பது அங்கங்கள். மாலை ஐந்தேகால் மணிக்குத் தொடங்கி, நடுவில் இரவு உணவுக்கு ஓர் இடைவேளை விட்டு, பதினொரு மணியளவில் முடியும். இவ்வளவு நீண்ட நாடகத்தில் கணிசமான பகுதி யாருக்கும் கேட்கக்கூடாத பேச்சு என்றால் இயக்குநருக்குத் தலைவேதனைதான். ஃபிலிப் மோலர் பல வழிகளைச் சோதித்துவிட்டு மிக எளிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஒருவர் தம் எண்ணத்தைப் பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் அப்படியே அசைவற்று நிற்க வேண்டும். எண்ணம் முடிந்ததும் உரையாடல் விட்ட இடத்திலிருந்து தொடரும். காலத்தை நிறுத்திவைப்பதுபோன்ற இந்த ஏற்பாட்டைப் பார்வையாளர்கள் சில நிமிடங்களிலேயே ஏற்றுக்கொண்டார்கள்.

நமக்கு இது முற்றிலும் புதிதன்று. பழைய தமிழ் நாடக நூல்களில் வசனத்துக்கு முன் 'தனக்குள்' என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட ஆழமான உறவு குறளில் இருக்கிறது. காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றும் 'நெஞ்சொடு புலத்தல்' என்றும் இரண்டு அதிகாரங்கள் உண்டு. "அவர்நெஞ்சு அவர்க்காதல் கண்டும் எவன்நெஞ்சே நீஎமக்கு ஆகா தது" என்று தலைவி தன் நெஞ்சை வேறொருத்தியாக நிறுத்திவைத்து வழக்காடுகிறாள். ஆனால் அவளுக்கும் நெஞ்சுக்கும் இடையே நடப்பது ஊடல். ஒளிவுமறைவு எதுவும் அங்கே இல்லை. ஓநீலின் நாயகி நீனா லீட்ஸ் எண்ணத்தில் ஒன்றும் பேச்சில் வேறொன்றுமாக வாழ்பவள். போரில் இறந்த காதலன், குழந்தையைப் போன்ற கணவன், குழந்தைக்குத் தந்தையான மருத்துவன், தந்தையின் இடத்தை நிரப்பும் முதிர்ந்த நண்பன் என ஒவ்வோர் ஆணுக்கும் முன் அவள் ஒவ்வொரு பெண்ணாக இருக்கிறாள். மூன்று ஆண்களும் ஒரே அறையில் அமர்ந்திருக்க, அவர்களுடைய விருப்பங்களெல்லாம் தன்னில் வந்து கூடி ஒன்றாவதாக அவள் பெருமிதத்தோடு எண்ணும் ஆறாம் அங்கம், நாடகத்தின் உச்சமான இடங்களில் ஒன்று. அந்தக் கணத்தில் மட்டுமே அவள் முழுமையாக இருக்கிறாள். அதுவும் யாருக்கும் கேட்காத பேச்சில்.

இந்த நாடகத்தின்மீது எனக்கு ஒரு குறை உண்டு. பேச்சு பொய், எண்ணம் மெய் என்னும் ஏற்பாடு இதில் ஏறக்குறைய விதியாகவே இருக்கிறது. மனிதர் தமக்குள் பேசிக்கொள்ளும்போதும் பொய் சொல்வார்கள். "தன்நெஞ்சு அறிவது பொய்யற்க" என்று வள்ளுவர் சொல்ல வேண்டியிருந்ததே அதனால்தான். உள்குரலும் ஒரு முகமூடியாக இருக்கலாம் என்ற அறிவு ஓநீலின் எழுத்தில் பின்னால்தான் வந்து சேர்கிறது. வந்து சேர்ந்த பிறகு, உரக்கச் சொல்லும் எண்ணம் என்ற ஏற்பாடே அவருக்குத் தேவைப்படவில்லை.

கேள்வி: இவையெல்லாம் ஃபிராய்டைப் படித்துவிட்டு எழுதியவைதானே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: அவர் காலத்து விமர்சகர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஃபிராய்டின் நூல்களில் இரண்டொன்றை அவர் படித்திருந்தார். உளவியல் மருத்துவர்களோடு பழகியும் இருந்தார். ஆனால் ஃபிராய்ட், யூங் ஆகிய உளவியல் அறிஞர்களைப் பற்றிக் கேள்வியே பட்டிராவிட்டாலும் 'மோர்னிங் பிகம்ஸ் எலக்ட்ரா' நாடகத்தை ஏறக்குறைய இப்படியேதான் எழுதியிருப்பேன் என்று ஒரு கடிதத்தில் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன். தம் உண்மையான ஆசான் என்று அவர் வாழ்நாள் முழுவதும் சுட்டியது ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரின்பெரியை. 1936இல் நோபெல் பரிசு பெற்றபோது அனுப்பிய உரையிலும் அந்தக் கடனையே நன்றியோடு குறிப்பிட்டார்.

கேள்வி: ஒரே மனிதனை இரண்டு நடிகர்கள் நடிக்கும் நாடகம் ஒன்றையும் ஓநீல் எழுதியிருப்பதாகப் படித்தேன். அகப்பிளவைக் காட்ட அதைவிடத் தெளிவான வழி இருக்க முடியாதே! அது ஏன் தோற்றது?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் சொல்வது 1934 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேறிய 'டேஸ் விதவுட் எண்ட்'. நாயகனின் பெயர் ஜான் லவிங். மேடையில் ஜானாக ஒருவரும் லவிங்காக இன்னொருவரும் வருகிறார்கள். இருவருக்கும் ஒரே உடை. லவிங்கின் முகத்தில் ஜானைப்போலவே செய்த ஒரு முகமூடி. ஆனால் அது இறந்துபோன ஜானின் முகம். இகழ்ச்சிச் சிரிப்போடு உறைந்துபோன முகம். மற்றப் பாத்திரங்களின் கண்ணுக்கு லவிங் தெரிவதில்லை. அவன் பேசுவது மட்டும் அவர்களுக்குக் கேட்கிறது. கேட்பதும் ஜானின் குரலாகவே கேட்கிறது.

இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மனைவியிடம் ஜான் கனிவாக ஏதோ சொல்லத் தொடங்குகிறான். அதே மூச்சில் லவிங் கொடூரமாக ஒரு சொல்லை எறிகிறான். மனைவி திடுக்கிட்டு ஜானைப் பார்க்கிறாள். நமக்குத் தெரியும், சொன்னது இன்னொருவன். அவளுக்கு முன்னே நிற்பவனோ ஒரே ஆள். வீடுகளில் நாள்தோறும் நடப்பது இதுதான். "நானா அப்படிச் சொன்னேன்?" என்று சொன்னவரே வியந்து நிற்கும் கணத்தை இவ்வளவு துல்லியமாக மேடைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு வேறொன்றை நான் அறியேன்.

கதையை முடிக்கப் போனபோதுதான் நாடகம் சறுக்கியது. ஜான் தன் வாழ்க்கையையே ஒரு நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறான். மனைவிக்குத் தான் இழைத்த துரோகத்தையும் அதற்குள் வைத்து, அந்தக் கதையைப் பாதிரியாரான மாமாவின் முன்னிலையில் அவளுக்கே சொல்கிறான். கதை தன்னைப் பற்றியது என்று புரிந்துகொண்ட அவள், நோயிலிருந்து தேறிவரும் நிலையில் கொட்டும் மழையில் வெளியே போய்விடுகிறாள். நிமோனியா கண்டு சாகும் தறுவாயை அடைகிறாள். இறுதிக் காட்சியில் ஜான் தேவாலயத்துக்கு ஓடிச் சிலுவையின் அடியில் விழுந்து வேண்டுகிறான். அங்கே லவிங் உயிர்விடுகிறான். எஞ்சியவன் முழு மனிதனாக எழுகிறான். மனைவி பிழைப்பாள் என்ற செய்தியும் வருகிறது. நாடகம் 57 முறை மேடையேறியதோடு நின்றுபோனது. மதச்சார்பான முடிவு விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

என் கருத்து சற்று வேறானது. ஒரு பாதி செத்தால் இன்னொரு பாதி நலமாகிவிடும் என்பது, பிளவுபட்ட மனிதனைப் பற்றி ஓநீல் அதுவரை கண்டறிந்த எல்லாவற்றுக்கும் எதிரானது. லவிங் வெறும் தீமையன்று. பதினைந்து வயதில் பெற்றோரைச் சாவிலிருந்து காக்கும்படி இறைவனிடம் மன்றாடி, விடை கிடைக்காமல் நின்ற ஒரு பிள்ளையின் கோபந்தான் அந்த முகமூடிக்குள் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாடகம் எந்தப் பதிலும் சொல்லவில்லை. வாயை மட்டும் மூடிவிடுகிறது. முடிவை எப்படி எழுதுவது என்று ஓநீல் திரும்பத் திரும்பத் திருத்தி அல்லாடியதிலிருந்து அவருக்கும் இது உறுத்தியிருக்கிறது என்றே நினைக்கிறேன். இதற்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள், 1946 வரை, அவருடைய புதிய நாடகம் எதுவும் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளுக்கு வரவில்லை. கெட்டுவந்த உடல்நலமும், எழுதி முடியாத ஒரு பெரும் நாடகத் தொடரும் அதற்குக் காரணங்கள். ஆனால் அந்த அமைதிக்குள்தான் அவருடைய மிகச்சிறந்த நாடகங்கள் பிறந்தன. அவற்றில் ஒரு முகமூடிகூட இல்லை.

கேள்வி: ஓநீலின் சொந்த வாழ்க்கையில் இந்தப் பிளவுக்கு வேர் எங்கே இருக்கிறது?
– நூலகர், மதுரை

பதில்: வாழ்க்கையைக் கொண்டு நாடகத்தை விளக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஓநீலின் விஷயத்தில் அவரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார். உள்ளே போகாமல் இருக்க முடியாது.

தந்தை ஜேம்ஸ் ஓநீல் புகழ்பெற்ற நடிகர். 'மான்டி கிறிஸ்டோ' நாடகத்தின் நாயக வேடத்தை ஆயிரக்கணக்கான முறை, பல பத்தாண்டுகள் நடித்துப் பணம் சேர்த்தவர். அந்த ஒரே வேடம் தம் திறமையைத் தின்றுவிட்டது என்று கடைசிவரை வருந்தியவர். அணிந்த முகமூடியைக் கழற்ற முடியாமல் போன மனிதரை மகன் பிறந்த நாளிலிருந்தே பார்த்து வளர்ந்தார். தாய் எல்லா, துறவியர் நடத்திய பள்ளியில் படித்தவர். கன்னியாஸ்திரீ ஆகும் கனவும் பியானோக் கலைஞராகும் கனவும் கொண்டிருந்தவர். 1888 அக்டோபரில் நியூயார்க் விடுதி ஒன்றில் யூஜின் பிறந்த பிறகு, வலிக்காக மருத்துவர் கொடுத்த மார்ஃபினுக்கு அவர் அடிமையானார். வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்த இந்தச் செய்தியைக் கடைக்குட்டியிடம் மட்டும் மறைத்து வைத்திருந்தார்கள். 1903 கோடையில் ஓரிரவு, மருந்து தீர்ந்துபோன தவிப்பில் தாய் வீட்டை விட்டு ஆற்றை நோக்கி ஓடியபோதுதான் அந்தப் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு உண்மை தெரிந்தது. அன்பான தாய் ஒருத்தி. கண்ணெதிரே இருந்தும் இல்லாமல் போகும் தாய் இன்னொருத்தி. அதே ஆண்டில் யூஜின் தேவாலயம் போவதை நிறுத்திக்கொண்டார். விடை கிடைக்காத அந்தப் பிள்ளையை 'டேஸ் விதவுட் எண்ட்' நாடகத்தில் நாம் முன்பே சந்தித்துவிட்டோம்.

1939க்கும் 1941க்கும் இடையில் கலிபோர்னியாவில், தாம் 'டாவ் ஹவுஸ்' என்று பெயரிட்ட வீட்டில், 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தை எழுதினார். கை நடுக்கம் மோசமாகிக்கொண்டிருந்த காலம் அது. எழுதும் அறையிலிருந்து அவர் கண் சிவந்து, வயது பத்துக் கூடியவரைப்போல வெளியே வருவார் என்று மனைவி கார்லொட்டா நினைவுகூர்ந்திருக்கிறார். 1912 ஆகஸ்டில் ஒரே ஒரு நாள், காலை எட்டரையிலிருந்து நள்ளிரவு வரை. ஒரு கடலோர வீடு. தந்தை, தாய், இரண்டு பிள்ளைகள்.

இதில் ஒரு சிறு செய்தி என்னைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. யூஜினுக்கு முன் அவருடைய பெற்றோருக்கு எட்மண்ட் என்ற குழந்தை பிறந்து, 1885இல் அம்மைநோய் கண்டு இறந்தது. நாடகத்தில் தம்மைக் குறிக்கும் இளைய மகனுக்கு ஓநீல் எட்மண்ட் என்று பெயர் வைத்தார். இறந்த குழந்தைக்கு யூஜின் என்று பெயர் வைத்தார். தாய் மேரி மேடையில் நின்று, சாகவிட்டுவிட்டேனே என்று யூஜினுக்காக அழுகிறாள். உயிரோடு இருக்கும் மகன், இறந்தவனின் பெயரைத் தாங்கிக்கொண்டு அதைக் கேட்டு நிற்கிறான். முகமூடி, இரண்டு நடிகர், உரக்கச் சொல்லும் எண்ணம் ஆகிய எல்லாவற்றாலும் அவர் சொல்ல முயன்றது ஓர் இடமாற்றிய பெயருக்குள் அடங்கிவிட்டது.

மேரி நாடகத்தில் ஓரிடத்தில் சொல்கிறாள்: வாழ்க்கை நமக்குச் செய்துவிட்டவற்றை நம்மால் தடுக்க முடிவதில்லை; அவை நடந்து முடிந்த பிறகுதான் நமக்கே தெரிகிறது; ஒன்று இன்னொன்றைச் செய்யவைத்து, கடைசியில் நாம் ஆக விரும்பியதற்கும் நமக்கும் நடுவில் எல்லாமே வந்து நின்றுவிடுகின்றன; நம் உண்மையான நானை என்றென்றைக்குமாக இழந்துவிடுகிறோம். மருந்து ஏற ஏற அவள் பள்ளிச் சிறுமியாகப் பின்னோக்கிப் போகிறாள். உண்மை வாழ்வில் எல்லா 1914இல் அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டுவிட்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஓநீலுக்கு அது தெரியும். தெரிந்தும் 1912லேயே கடிகாரத்தை நிறுத்தினார். மீட்சியை எழுதி ஒருமுறை பொய்யாகிப்போனதை அவர் மறக்கவில்லை என்று நான் கருதுகிறேன்.

தாம் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தே நாடகம் வெளியாக வேண்டும் என்பது அவர் விருப்பம். கார்லொட்டா முன்னதாகவே இசைவு தந்தார். 1956 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில், ஸ்ட்ரின்பெரியின் நகரத்தில், அது முதன்முதலில் அரங்கேறியது.

கேள்வி: எங்கள் குழு 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தின் நான்காம் அங்கத்தைத் தமிழில் வாசிப்பு அரங்காகச் செய்ய இருக்கிறது. அண்ணன் ஜேமியின் பாத்திரம் எனக்கு. தம்பியை நேசிப்பதாகவும் வெறுப்பதாகவும் ஒரே காட்சியில் சொல்கிறான். இரண்டுக்கும் இரண்டு குரல் வைத்துக்கொள்ளலாமா?
– நாடக நடிகர், சென்னை

பதில்: வேண்டாம். இரண்டு குரல் வைத்தால் 1934ஆம் ஆண்டின் 'டேஸ் விதவுட் எண்ட்' நாடகத்துக்கே திரும்பிப் போய்விடுவீர்கள்.

ஜேமி நள்ளிரவில் குடித்துவிட்டு வருகிறான். காசநோய் உறுதியாகிச் சானடோரியத்துக்குப் போகவிருக்கும் தம்பியிடம், நீ தோற்க வேண்டும் என்றுதான் உன்னைக் கெடுத்தேன் என்கிறான். என்னுள் செத்துப்போன பகுதி ஒன்று இருக்கிறது, நீ குணமாகக்கூடாது என்று அது விரும்புகிறது என்கிறான். வெறுப்பதைவிட அதிகமாக உன்னை நேசிக்கிறேன் என்றும் சொல்கிறான். இவற்றுள் எது மெய், எது பொய் என்று நீங்கள் தீர்மானித்துவிட்டால் காட்சி செத்துவிடும். தம்பியைத் தன்னிடமிருந்தே காப்பாற்ற வந்தவன் அவன். எச்சரிக்கை செய்வதே அவனால் செய்ய முடிந்த உச்சமான அன்பு. வெறுப்பைச் சொல்லும்போது குரல் கடுமையாக வேண்டியதில்லை. நேசத்தைச் சொல்லும்போது குழைய வேண்டியதும் இல்லை.

மொழிபெயர்ப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் "வெறுத்துக்கொண்டே நேசிக்கிறேன்" என்று வினையெச்சத்தால் இரண்டையும் கோத்து ஒரே வாக்கியமாக்கிவிடுவது எளிது. கேட்கவும் அழகாக இருக்கும். அந்த அழகு, ஆராய்ந்து தெளிந்த ஒருவனுடையது. ஜேமிக்கு அந்தத் தெளிவு இல்லை. சிறுசிறு வாக்கியங்களாகத் தனித்தனியே விடுங்கள். அடுத்த வாக்கியத்தை எதிர்பாராதவனாக முந்தையதைச் சொல்லுங்கள். அதே ஆண்டுகளில் எழுதிய 'தி ஐஸ்மேன் கமத்' நாடகத்தில், மனைவியை அன்பினாலேயே கொன்றேன் என்று நெடுநேரம் விளக்கும் ஹிக்கி, திடீரென்று அவளை வசைபாடி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, தன் வாயில் வந்ததைக் கேட்டுத் தானே நடுங்கி மறுக்கும் இடம் இருக்கிறது. அதை உரக்க வாசித்துப் பழகிவிட்டு ஜேமியிடம் வாருங்கள்.

விளிச்சொற்களையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஜேமி தம்பியை அழைக்கும் சொல் 'தம்பி'க்கும் 'டேய்'க்கும் நடுவில் நிற்பது. முழுவதும் ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல், குத்தும் இடத்தில் 'தம்பி' என்றும் கனியும் இடத்தில் 'டேய்' என்றும் தலைகீழாக வைத்துப் பாருங்கள்.

மேரியாக நடிப்பவருக்கும் ஒரு சொல். இறுதியில் அவள் பழைய மணப்புடவை போன்ற அந்தத் திருமண உடையைக் கையில் ஏந்தி வந்து, பள்ளிக்காலத்தைப் பேசி, பிறகு ஜேம்ஸ் டைரோனைக் காதலித்ததையும் கொஞ்ச காலம் மகிழ்ச்சியாக இருந்ததையும் சொல்லி நிறுத்துகிறாள். அந்த ஜேம்ஸ் டைரோன், அவளுடைய கணவர்தான், மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே "உங்களை" என்றோ "அவரை" என்றோ எழுதிவிடாதீர்கள். முழுப் பெயர் அப்படியே இருக்கட்டும். அறிமுகமில்லாத ஒருவரின் பெயரைச் சொல்வதுபோல. அதன் பிறகு வரும் அரங்கக் குறிப்பையும் வாசிப்பில் விட்டுவிடக்கூடாது: தந்தை நாற்காலியில் சற்று அசைகிறார், பிள்ளைகள் இருவரும் அசையாமல் இருக்கிறார்கள்.